பழைய ஈ-கிளாஸ் வாங்கப் போகிறீர்களா? டபிள்யூ211 செடானும் வேகனும்

பழைய சொகுசுக் கார்களில் காரின் விலைதான் இறங்கும், பாகங்களின் விலை இறங்காது. பதினைந்து, இருபது வருடம் ஓடிய மெர்சிடிஸ் ஈ-கிளாஸை ஒரு சாதாரணப் புதுக் காரை விடக் குறைந்த காசுக்கு வாங்கிவிடலாம். அதன் ஏர் சஸ்பென்ஷனோ கியர்பாக்ஸ் யூனிட்டோ போனால் மட்டும், அந்தக் காரைப் புதிதாக வாங்கியவர் கட்டியிருக்கும் அதே பில்லைத்தான் நீங்களும் கட்ட வேண்டும். இதற்குத் தயாராக இருப்பவர்களுக்கு டபிள்யூ211 தலைமுறை இன்றைக்கும் நல்ல தேர்வு. செடான் 2002-ல் வந்தது, எஸ்211 என்ற வேகன் 2003-ல் சேர்ந்துகொண்டது, இரண்டும் 2009-ல் நின்றன.

இந்தக் காரைத் தேடுபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த வருட மாடல் நல்லது?" நேர்மையான பதில்: அப்படி ஒரு வருடம் கிடையாது. 2006 நடுவில் வந்த ஃபேஸ்லிஃப்ட் (அதே தலைமுறைக்குள் கம்பெனி செய்த திருத்தம்) இந்த வரிசையை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு முந்தைய கார்களில் பிரேக் தலைவலி, ஆனால் பெரும்பாலான எஞ்சின்களும் கியர்பாக்ஸும் கெட்டி. பிந்தைய கார்களில் பிரேக் சாதாரணமானது, எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும்தான் கவனம் வேண்டும். ஆக, எந்தக் கோளாறுக்குச் செலவழிக்க நீங்கள் தயார் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு காரைத் தேடுங்கள். பளபளப்பையும் ஓடோமீட்டரையும் பார்த்து வாங்குபவர்கள்தான் இந்தக் காரில் அடிபடுகிறார்கள்.

பிரேக்கிலிருந்து தொடங்கலாம்

ஃபேஸ்லிஃப்டுக்கு முந்தைய எல்லா டபிள்யூ211-லும் எஸ்பிசி என்ற எலக்ட்ரோ-ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. வழக்கமான கார்களில் பெடலை மிதித்தால் வேக்குவம் பூஸ்டர் உதவியோடு ஆயில் அழுத்தம் நேராக வீலுக்குப் போகும். இங்கே பெடல் ஒரு சென்சாரைத்தான் மிதிக்கிறது. ஒரு மின் பம்ப் முன்கூட்டியே அழுத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனியாகப் பங்கிடும். நன்றாக இருக்கும்வரை அருமையான பிரேக். மழையில் டிஸ்க்கைத் தானாகவே லேசாக உரசி ஈரத்தைத் துடைத்துக்கொள்ளும் வசதிகூட உண்டு.

ஆனால் அந்த யூனிட் தான் பிரேக் போட்ட தடவைகளை எண்ணிக்கொண்டே வரும். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டியதும் மீட்டரில் சிவப்பில் எச்சரிக்கை வரும், யூனிட்டை மாற்றச் சொல்லும். உண்மையிலேயே செயலிழந்தால் பிரேக் அவசர நிலைக்குப் போகும்: பெடல் ஆழமாக இறங்கும், முன்வீல்கள் இரண்டில் மட்டும் பிரேக் பிடிக்கும். கார் நிற்கும், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. 2004-ல் சுமார் 6,80,000 கார்களையும், 2005-ல் வேறு சில மின்கோளாறுகளோடு சேர்த்து சுமார் 13 லட்சம் கார்களையும் கம்பெனி திரும்ப அழைத்தது. கடைசியில் ஃபேஸ்லிஃப்டோடு இந்த பிரேக்கையே ஈ-கிளாஸிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வாங்குபவர் செய்ய வேண்டியது மூன்று. யூனிட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் கேளுங்கள். மெர்சிடிஸுக்கான டயக்னாஸ்டிக் கருவியை மாட்டி அந்த எண்ணிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, சில மணிநேரம் சும்மா நின்ற காரில் டிரைவர் கதவைத் திறந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கமிருந்து பம்ப் சில நொடி முனகிவிட்டு நிற்க வேண்டும். பெடலை ஒவ்வொரு தடவை தொடும்போதும் முனகினால், அழுத்தம் சேர்த்து வைக்கும் பகுதி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எண்ணிக்கையை மட்டும் பூஜ்யமாக்கிக் கொடுக்கும் கடைகள் உண்டு. எச்சரிக்கை போய்விடும், பம்ப் மோட்டாரின் தேய்மானம் போகாது. எண்ணிக்கை பழைய காருக்குப் பொருந்தாத அளவு குறைவாக இருந்து, யூனிட் மாற்றிய பில்லும் இல்லையென்றால் ரீசெட் செய்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உயிருக்கு நெருக்கமான விஷயம் ஒன்று. எஸ்பிசி காரில் பிரேக் பேட் மாற்றும் முன் கருவி மூலம் சிஸ்டத்தை முடக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ பம்ப் தானாக அழுத்தம் ஏற்றும். காலிப்பரில் விரல் இருந்தால் நசுங்கும். உங்கள் மெக்கானிக்குக்கு இது தெரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். தெரியாதென்றால் இந்தக் காரைத் தொட வேண்டியவர் அவர் அல்ல.

ஃபேஸ்லிஃப்ட் காரா என்பதை ஆர்சி புத்தகத்தின் வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2006 தொடக்கத்தில் தயாரான கார் அந்த வருடக் கடைசியில் பதிவாகியிருக்கலாம். பானெட்டைத் திறந்தால் சந்தேகம் தீரும்: டிரைவர் பக்கம் ஃபயர்வாலில் வட்டமான வேக்குவம் பூஸ்டர் இருந்தால் சாதாரண பிரேக்.

பெட்ரோல் எஞ்சின்கள்

ஆரம்பகால ஈ240, ஈ320 கார்களில் இருப்பது எம்112 வி6. சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு பிளக், ஆக மொத்தம் பன்னிரண்டு பிளக். டியூன்-அப் செய்ததாகச் சொல்லி ஆறு பிளக்குக்கு பில் காட்டினால் சிரித்துவிட்டு அடுத்த காரைப் பாருங்கள். வால்வு கவரிலிருந்தும் அதன் மேலுள்ள பிரீதர் மூடிகளிலிருந்தும் ஆயில் கசிந்து எக்ஸாஸ்ட் மேல் சொட்டி, சிக்னலில் நிற்கும்போது கருகல் வாடை வரும். பெரிய செலவு இல்லை. கிராங்க் புல்லியின் நடுவிலுள்ள ரப்பர் வளையம் பிரிந்து புல்லி கோணலாக ஆடுவதைக் கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போது டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். கிராங்க் சென்சார் போனால் சூடான எஞ்சின் திடீரென்று நின்று, ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். இவ்வளவுதான். இதன் வி8 உறவான எம்113-க்கும் இதே குணம், பிளக் மட்டும் பதினாறு.

2004 கடைசியிலிருந்து எம்112-ன் இடத்துக்கு வந்தது எம்272 வி6. ஈ350-ல் 272 குதிரைத்திறன், ஈ280-ல் 231. ஓட்டுவதற்கு எம்112-ஐ விட எல்லா வகையிலும் மேல். ஆனால் ஆரம்பகால எம்272-ல், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் கியர் பற்கள் மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டவை. பற்கள் தேயத் தேய டைமிங் விலகும், செக் எஞ்சின் விளக்கு எரியும், மெர்சிடிஸ் கருவியில் 1200 அல்லது 1208 என்ற கோட் வரும். கெட்டுப்போவது உள்ளங்கையில் அடங்கும் பாகம். அதை மாற்ற எஞ்சினையே காரிலிருந்து இறக்க வேண்டும்.

இங்கே வருடத்தைப் பார்க்காதீர்கள், எஞ்சின் எண்ணைப் பாருங்கள். எம்272-ல் கடைசி ஆறு இலக்கம் 468993 வரை உள்ளவை பாதிக்கப்பட்ட வரிசை. அதன் வி8 வடிவமான எம்273-ல் 088611 வரை. அதில் தேய்வது டைமிங் செயினின் ஐட்லர் கியர். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் டேட்டா கார்டு வாங்கினால் எஞ்சின் எண் அதில் இருக்கும். பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள், எஞ்சின் மாற்றிய கார்களும் சந்தையில் உண்டு. பாதிக்கப்பட்ட வரிசையில் வரும் எல்லா எஞ்சினும் கெட்டுப்போவதில்லை. ஏற்கெனவே வேலை முடிந்து பில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பில் இல்லாத காரை, "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்ற வார்த்தையை நம்பி முழு விலைக்கு வாங்கக் கூடாது.

எம்272-ல் இன்னொன்று, இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளிருக்கும் ஃபிளாப்களை இயக்கும் பிளாஸ்டிக் கை உடைவது. குறைந்த வேகங்களில் இழுவை குறையும், விளக்கு எரியும். பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இது எவ்வளவோ தேவலை.

ஈ200 கம்ப்ரஸர் காரில் இருப்பது 1.8 லிட்டர் எம்271. டைமிங் செயின் நீள்வதும் கேம் அட்ஜஸ்டர் பற்கள் தேய்வதும் இதன் பரம்பரை வியாதி. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி 'கரகர'வென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். நான்கு பேரும் சாமானும் ஏற்றிய வேகனுக்கு இந்த எஞ்சின் போதவும் போதாது.

டீசல்

டீசலில் மிகக் கெட்டி என்று பெயரெடுத்தது ஓஎம்648, ஆரம்பகால ஈ320 சிடிஐ-யில் வந்த நேர்வரிசை ஆறு சிலிண்டர்: 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். ஐந்து சிலிண்டர் ஈ270, நான்கு சிலிண்டர் ஈ220 இரண்டும் இதன் நெருங்கிய சொந்தங்கள். மூன்றுக்கும் பொதுவான கோளாறு, இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிவது. எரிந்த வாயு மேலே ஏறி இன்ஜெக்டரைச் சுற்றித் தாராகக் கெட்டியாகிவிடும். எஞ்சின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். இன்ஜெக்டர் கழுத்தைச் சுற்றி உலோகம் தெரிந்தால் சரி. கறுப்பாக, பளபளவென்று, ஸ்க்ரூடிரைவரால் குத்தினாலும் அசையாமல் ஒரு மேடு இருந்தால் பல மாதமாகக் கசிகிறது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் 'சஃப் சஃப்' சத்தமும், ஏசி போட்டால் உள்ளே புகைவாடையும் இதே கதைதான். சீக்கிரம் பிடித்தால் இன்ஜெக்டரை எடுத்து, உட்காரும் இடத்தைச் சீவி, புது வாஷரும் புது போல்ட்டும் போட்டு முடித்துவிடலாம். பழைய போல்ட்டையே திரும்பப் போடும் மெக்கானிக்கிடம் கொடுத்தால் கசிவு திரும்ப வரும், ஏனென்றால் அது ஒருமுறை இழுபட்டு நீளும் வகை. தாமதித்தால் இன்ஜெக்டரே ஹெட்டில் இறுகிப்போய், எடுப்பதற்குள் உடையும்.

2005-ல் ஓஎம்642 வந்தது, 3 லிட்டர் வி6. ஈ320 சிடிஐ-யில் 224 குதிரைத்திறன், ஈ280 சிடிஐ-யில் 190. இதில் வியின் நடுப்பள்ளத்தில் ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கும், அதன் சீல்கள் வயதாகிக் கசியும். ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கம் வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பார்த்து ரியர் மெயின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் கடைகள் உண்டு. இறக்கவிடாதீர்கள், முதலில் மேலே பாருங்கள். சீல்களின் விலை அற்பம். டர்போவையும் மேனிஃபோல்டுகளையும் கழற்றி மாட்டும் கூலிதான் பில்லே. பழைய சீல்கள் ஆரஞ்சு நிறம், பின்னால் வந்த மேம்பட்டவை ஊதா. எதைப் போட்டார்கள் என்று பில்லோடு சேர்த்துக் கேளுங்கள்.

அந்த வேலையிலேயே டர்போ வாயிலில் இருக்கும் சிறு சீலையும் மாற்றிவிட வேண்டும். அது கசிந்தால் ஆயில் நேராகக் கீழேயுள்ள, இன்டேக் ஃபிளாப்களை இயக்கும் ஸ்வர்ல் மோட்டார் மேல் சொட்டி அதைக் கொல்லும், கார் சக்தியிழந்து லிம்ப் மோடு என்ற தற்காப்பு நிலைக்குப் போகும். ஒரு துண்டு ரப்பருக்காக இரண்டாவது தடவை எல்லாவற்றையும் கழற்றுவது வயிற்றெரிச்சல்.

டீசலில் குறைந்த கிலோமீட்டரை வரமாக நினைக்காதீர்கள். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பொருத்திய கார் நகரத்துக்குள் நாலு நாலு கிலோமீட்டராக ஓடியிருந்தால் ஃபில்டர் அடைந்திருக்கும். நெடுஞ்சாலையில் இரண்டு மடங்கு ஓடிய கார் இதைவிட ஆரோக்கியமாக இருக்கும்.

கியர்பாக்ஸ்

பழைய எஞ்சின்களோடு வருவது 722.6 ஐந்து வேக ஆட்டோமேட்டிக். எம்272-க்கும் வி6 டீசலுக்கும் பெரும்பாலும் 722.9 ஏழு வேகம். ஐந்து வேகத்தில் வயர் செருகும் பிளக்கின் ஓ-ரிங் கசிந்து, ஆயில் வயருக்குள்ளேயே ஊர்ந்து கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். யூனிட்டின் கனெக்டரைக் கழற்றி உள்ளே ஆயில் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். பிளக் மலிவு, யூனிட் மலிவில்லை. ஏழு வேகத்தில் உள்ளேயிருக்கும் கண்டக்டர் பிளேட்டின் வேக சென்சார்கள் போகும். அது காரோடு பூட்டப்பட்ட யூனிட் என்பதால் பழைய சாமான் கடையில் வாங்கி அப்படியே மாட்ட முடியாது.

ஆரம்பகாலக் கார்களில் ரேடியேட்டருக்கு உள்ளேயே கூலன்ட் கசிந்து கியர்பாக்ஸ் ஆயிலில் கலக்கும் ஒரு பிரச்சினை உண்டு. சோதித்துப் பார்க்க, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மட்டும் ஆக்ஸிலேட்டரைத் தொட்டு ஓட்டுங்கள். வேகத்தடைக் கோடுகள் மேல் போவதுபோல ஒரு அதிர்வு வந்து, மிதித்ததும் மறைந்தால் சந்தேகப்படுங்கள். ஆயிலை லேபில், கூலன்டில் இருக்கும் கிளைக்காலுக்காகச் சோதிக்கலாம். கலந்திருந்தால் ரேடியேட்டர், டார்க் கன்வெர்ட்டர், கழுவல் எல்லாம் சேர்ந்து வரும்.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்" என்ற பழைய வாசகத்தை நம்பிய ஓனர்களின் கார்தான் சந்தையில் அதிகம். ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் ஆயில்) மாற்றிய பில் இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

ஏர் சஸ்பென்ஷனும் வேகனும்

ஏர்மேட்டிக் என்ற ஏர் சஸ்பென்ஷன் எல்லா செடானிலும் இல்லை, ஈ500-ல் கட்டாயம், மற்றவற்றில் விருப்பம். வேகன் வாங்குபவர்களுக்குத் தெரிய வேண்டியது: முன்னால் சாதாரண ஸ்பிரிங் இருந்தாலும் எல்லா வேகனிலும் பின்னால் ஏர் பெல்லோஸ் என்ற காற்றுப்பைகள்தான். "இதில் ஏர் சஸ்பென்ஷன் இல்லை சார்" என்று விற்பவர் சொன்னால் பாதிதான் உண்மை.

முடிந்தால் இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் போய்ப் பாருங்கள். வீலுக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று நான்கு மூலையிலும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் குந்தியிருந்தால் அந்தப் பக்கம் கசிகிறது. வேகனின் டிக்கி விளிம்பில் இரண்டு பேரை உட்கார வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். பின்பக்கம் இறங்கி, கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து நிற்க வேண்டும். சோப்பு நீரை பெல்லோஸ் மடிப்பில் தெளித்தால் கசிவு குமிழியாகத் தெரியும். கசிகிற காரில் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடித் தேய்ந்திருக்கும், அதன் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். புது கம்ப்ரஸர் போடும்போது புது ரிலேயும் போடாவிட்டால் புதியதும் எரியும்.

வேகனில் 690 லிட்டர் இடம், சீட்டை மடித்தால் 1950. டிக்கிக் கதவின் கீல் பக்கம் வளைந்து வளைந்து வயர்கள் உள்ளே அறுந்துபோவது வழக்கம். பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, பூட்டு மூன்றையும் இயக்கிப் பாருங்கள். கதவை அசைக்கும்போது விளக்கு மினுக்கினால் வயர்தான். பின்னோக்கிப் பார்த்திருக்கும் மூன்றாம் வரிசை சீட் சில கார்களில் மட்டும் உண்டு. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள், இருக்கிற காரையே தேடுங்கள்.

பாடியும் தண்ணீரும்

காந்தம் வைத்துப் பட்டி போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கம் இங்கே ஏமாற்றும். டபிள்யூ211 செடானின் பானெட், முன் ஃபெண்டர்கள், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். காந்தம் ஒட்டவே ஒட்டாது. ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். பெயின்ட் தடிமன் மீட்டர் எடுத்துப் போனால் அலுமினியத்தையும் அளக்கும் வகையா என்று பாருங்கள். துரு விஷயத்தில் முந்தைய டபிள்யூ210 அளவுக்கு மோசமில்லை. கதவுகளின் அடிவிளிம்பு, பின்வீல் வளைவு இரண்டையும் தடவிப் பார்த்தால் போதும்.

தண்ணீர்தான் நிஜ எதிரி. டிக்கியின் இடதுபக்க மூடியைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டியோடு, பின்பக்க மின்சாதனங்களை இயக்கும் ரியர் சாம் யூனிட் இருக்கும். பின்விளக்கு கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் வந்து அதில் பச்சை பூத்திருந்தால், மின்கோளாறுகள் ஒன்று மாற்றி ஒன்று வரும். வின்ட்ஷீல்டின் அடியில் இலைதழை அடைத்திருக்கிறதா, முன்பக்க கார்பெட்டின் அடியிலுள்ள ஃபோம் ஈரமாக இருக்கிறதா என்று கையை விட்டு அமுக்கிப் பாருங்கள். மேலே காய்ந்தும் கீழே ஊறியும் இருக்கும்.

பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இந்தக் கார் இல்லாத கோளாறையெல்லாம் சொல்லும். நின்ற காரில் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் முதலில் பேட்டரியைச் சரிசெய்து கோட்களை அழித்துவிட்டு, திரும்ப வருபவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் முன்பயணி சீட்டின் எடை உணரும் பாய்தான். ஆடியோ முழுக்கச் செத்திருந்தால், ஒளியிழை வளையத்தில் கோத்த கருவிகளில் ஏதோ ஒன்று போயிருக்கும், ஸ்டீரியோவைக் குறை சொல்லாதீர்கள்.

எதை வாங்கலாம்

நிறைய ஓட்டுபவர்களுக்கு ஃபேஸ்லிஃப்டுக்குப் பிந்தைய ஈ280 அல்லது ஈ320 சிடிஐ, ஆயில் கூலர் சீல் மாற்றிய பில்லோடு. வேகனுக்கும் இதுவே முதல் தேர்வு. பெட்ரோல் வேண்டுமென்றால் மேலே சொன்ன எண்ணைத் தாண்டிய ஈ350. எளிமையான காரை நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு எம்112 ஈ320 அல்லது ஓஎம்648 டீசல், எஸ்பிசி யூனிட் மாற்றியதாக இருந்தால் மட்டும். வி8 டீசலான ஈ400 சிடிஐ-யைக் கண்டால் ஆசைப்பட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லை, பாகம் தேடியே அலுத்துவிடும்.

விலை பேசும் முன் எஞ்சினைச் சூடாக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். சாவி இரண்டும் வேண்டும். லிஃப்டில் ஏற்றி முன்பக்கக் கீழ் ஆர்ம்களின் புஷ், பால் ஜாயிண்ட் ஆட்டம் பார்த்து, எல்லா யூனிட்களையும் ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுங்கள். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் போதாது.

வாங்கும் விலையில் நான்கில் ஒரு பங்கையாவது முதல் வருடத்துக்கு ஒதுக்குங்கள். முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில்: எம்112, எம்272 இரண்டுக்கும் சுமார் 8 லிட்டர், மெர்சிடிஸின் 229.5 தரம், டிபிஎஃப் டீசலுக்கு 229.51. பிறகு கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும். ஐந்து வேகத்தில் அளவுக்குழாய் இருக்கும், உள்ளே அளவுகோல் இருக்காது. அதற்கான கோலை வைத்து ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது அளக்க வேண்டும். ஏழு வேகத்தில் 45 டிகிரியில் அடித்துளை வழியாக வழிவதை வைத்து அளவு. இந்த வெப்பநிலைகளைக் கேட்காமல் கண்ணளவில் ஊற்றுகிற கடையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.